கொள்கைக்குப் பிறங்கடை இல்லை, நாற்காலிக்கு உண்டு!

'வாரிசு' என்பது அரபுமொழி வழி வந்த அயற்சொல். அதற்குரிய தமிழ்ச்சொல் பிறங்கடை. ஆனால், சொல்லைத் தமிழாக்கிவிட்டோம் என்று நாம் அமைதியடைந்துவிட முடியாது. அச்சொல் குறிக்கும் செயல் தமிழ்நாட்டுக் குடியாட்சியின் வேரையே அரித்துக்கொண்டிருக்கின்றது. மகன் அமர்ந்த இருக்கை, அவன் மறைந்த சில கிழமைகளிலேயே தந்தைக்குரியதாகும் அளவிற்கு அந்நோய் முற்றியதை 2023-இல் ஈரோட்டில் கண்டோம்.

சென்னையின் பெரிய வீடுகளைப் பற்றி எல்லாரும் பேசுகின்றனர். நாம் ஈரோட்டு வீட்டை எடுத்துக்கொள்வதற்குக் கரணியம் உண்டு. 1938-இல், இந்தியெதிர்ப்புப் போரின் நடுவே, 'தமிழ்நாடு தமிழருக்கே' என்று முழங்கியவர் பிறந்த வீடு அது. மேட்டிலிருந்து வீழ்ந்தவனைப் பார்த்தால்தான் பள்ளத்தின் ஆழம் விளங்கும்.

1918-இல் ஈரோட்டு நகராட்சித் தலைவராயிருந்தவர் பெரியார். விரைவிலேயே அப்பொறுப்பைத் துறந்து பேராயக் கட்சியாகிய காங்கிரசில் தொண்டரானார். வகுப்புரிமைக்கு அங்கு இடமில்லை என்று கண்டதும், 1925-இல் காஞ்சிபுரம் மாநாட்டில் அக்கட்சியையும் உதறினார். 1973-இல் மறையும்வரை எந்தச் சட்டமன்ற இருக்கையையும் நாடவில்லை. தமிழைப் பற்றி அவர் கூறிய சில சொற்களை நாம் என்றும் ஏற்றதில்லை. ஆயினும், கொள்கைக்கும் பொறுப்புக்கும் பகை மூண்டால் எதை விடவேண்டும் என்பதில் அவருக்கு ஐயம் இருந்ததில்லை.

அவருடைய தமையனார் மகன் ஈ.வெ.கி. சம்பத்து. 1949-இல் திராவிட முன்னேற்றக் கழகம் தோன்றியபோது, குருதியுறவையும் மீறிச் சிற்றப்பனைப் பிரிந்து அண்ணாவுடன் நின்றார். அப் பிரிவில் நாம் குறை காணவில்லை. உறவைவிடக் கொள்கை பெரிதென்று எண்ணியவர் செயல் அது. 1957-இல் நாமக்கல்லிலிருந்து நாடாளுமன்றம் சென்றார். இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் நீடிக்கும் என்னும் உறுதிமொழியை 1960-இல் நேரு மடல்வழி மீண்டும் உறுதிப்படுத்தியது இவருக்குத்தான். 1961-இல் கழகத்தை விட்டு நீங்கித் தமிழ்த் தேசியக் கட்சி கண்டார். பெயர் எத்துணைப் பெருமையுடையது! ஆனால் 1964-இல் அக் கட்சியைப் பேராயக் கட்சிக்குள்ளேயே கரைத்தார்.

எந்தப் பேராயக் கட்சி? 1965 சனவரி 26-இல் இந்திக்கு ஆட்சிமொழி முடிசூட்டிய அதே கட்சி! சிதம்பரத்தில் மாணவன் இராசேந்திரன்மீது குண்டு பாய்ந்தபோது தமிழ்நாட்டை ஆண்ட அதே கட்சி! நேருவின் மடலைப் பெற்ற கை, மடல் எழுதிய கட்சியின் கொடியைப் பிடித்த சிறிது காலத்துள் இத்தனையும் நிகழ்ந்தன.

அவர் மகன் ஈ.வெ.கி.ச. இளங்கோவன். 1984-இல் சத்தியமங்கலத்தில் சட்டமன்ற உறுப்பினர். பின்னர் இருமுறை தமிழகப் பேராயக் கட்சித் தலைவர். 2004-இல் கோபிச்செட்டிப்பாளையத்திலிருந்து நாடாளுமன்ற உறுப்பினர். தொடர்ந்து 2009 வரை இந்திய அரசின் இணையமைச்சர். மனத்திற் பட்டதை மறைக்காமற் பேசுபவர் என்று மாற்றுக் கட்சியாரும் அவரைக் கூறுவதுண்டு. அதை நாமும் மறுக்கவில்லை. அவர் பங்கேற்ற ஆட்சியில்தான் 2004-இல் தமிழ் செம்மொழியென அறிவிக்கப்பட்டது என்பார்க்கு ஒன்று சொல்வோம்: அது பரிதிமாற்கலைஞர் காலந்தொட்டுத் தமிழறிஞர் இடைவிடாது கேட்டுப் பெற்ற உரிமை, எந்த அமைச்சர் வீட்டுக் கொடையும் அன்று.

சென்னிமலைப் போர்வையும் பவானிச் சமுக்காளமும் நெய்யும் மண்ணிலிருந்து சென்ற அவரிடம் நெசவுத்துறைப் பொறுப்பும் வந்தது. அத்துறையில் அவர் செய்ததையும் செய்யாததையும் தறிக்காரர் எடைபோடட்டும். நாம் எடைபோட வேண்டியது வேறொன்று. 2009 சனவரி 29-இல், சென்னையில் இந்திய அரசு அலுவலகத்தின்முன் முத்துக்குமார் தம் உடலுக்குத் தாமே எரியூட்டிக்கொண்டார். ஈழத்தில் நம் உடன்பிறந்தார் நாள்தோறும் செத்து வீழ்ந்தனர். தமிழ்நாடே கொதித்தது. அந்நாள்களில் தில்லி அமைச்சரவையில் இருந்த ஈரோட்டுக்காரர் தம் பொறுப்பைத் தூக்கி எறிந்தாரா? இல்லை. நகராட்சித் தலைமையையே துறந்த முன்னோரின் பெயரைத் தலையெழுத்தாகச் சுமந்தவர், இணையமைச்சர் இருக்கையைத் துறக்க இயலாதவராயிருந்தார். அவ்வாண்டு மே 13-இல் ஈரோட்டு மக்கள் விடையிறுத்தனர். ம.தி.மு.க.வின் கணேசமூர்த்தி வென்றார், இளங்கோவன் தோற்றார். வாக்கெண்ணிய இரண்டாம் நாள் முள்ளிவாய்க்கால் வீழ்ந்தது.

மக்கள் அளித்த பாடம் கட்சிக்கு உறைத்ததா? 2014-இல் திருப்பூர், 2019-இல் தேனி என அவருக்குத் தொகுதிகள் தரப்பட்டன, இரண்டிலும் தோல்வி. 2021-இல் அவர் மகன் திருமகன் ஈவெரா ஈரோடு கிழக்கில் வென்றார். முன்னோரின் தலையெழுத்துகளே இங்குப் பெயராகிவிட்டமை காண்க! 2023 சனவரி 4-இல் அவர் இளம் அகவையிலேயே மறைந்தார். பெற்ற நெஞ்சின் துயரை நாம் எள்ளமாட்டோம். ஆனால், துயர் வீட்டுக்குரியது; தொகுதி நாட்டுக்குரியது. அடுத்த மாதமே நடந்த இடைத்தேர்தலில், 74 அகவையுடைய தந்தையே அதே இருக்கைக்கு நிறுத்தப்பட்டு வென்றார். 2024 திசம்பர் 14-இல் அவரும் மறைந்தபின் அத்தொகுதி தி.மு.க.வுக்குப் போயிற்று. அதுவும் மக்களைக் கேட்டன்று. கூட்டணிக் கணக்கைப் பார்த்து!

பெயரைப் பாருங்கள். இளங்கோ, திருமகன் – எத்துணை இனிய தனித்தமிழ்ப் பெயர்கள்! அரியணை இளையோனுக்கே என்று குறி சொன்னவன் வாயடைக்க, தமையன் செங்குட்டுவனுக்காக அரசுரிமையைத் துறந்து துறவு பூண்டவர் இளங்கோவடிகள் என்பது சிலப்பதிகார வழக்கு. மரபுரிமையைத் துறந்தவர் பெயரை மரபுரிமையால் உயர்ந்தவர்க்கு இட்டதைவிட முரண் வேறுண்டோ? தமிழ்ப்பெயர் சூட்டுக என்று ஊரூராய்ச் சொல்லிவருகின்றோம். பெயர் மட்டும் தமிழாயிருந்து, ஊழியம் தில்லிக்காயின், அப்பெயரால் தமிழுக்கு ஆவதென்ன?

"மருத்துவர் மகன் மருத்துவனாகலாம், அரசியலார் மகன் அரசியலுக்கு வரலாகாதா?" என்று வினவுவாருளர். வரலாம். ஆனால் மருத்துவர் மகன் தேர்வெழுதித் தேறிய பின்னரே ஊசியைத் தொடுகின்றான். தந்தையின் பட்டம் அவனுக்கு இறங்குவதில்லை. இங்கோ பட்டமே இறங்குகின்றது. முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டைக் காண்க. முந்தைய மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் மீண்டும் குடவோலைக்கு உரியரல்லர். கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். அது பார்ப்பன ஊரவை. எல்லார்க்கும் இடமளித்த அவை அன்று. ஆயினும், உறவு பொதுப்பொறுப்பைக் கெடுக்கும் என்னும் தெளிவு ஆயிரம் ஆண்டுக்கு முன்னரே இம்மண்ணில் இருந்தது.

உணர்வாளர்களே! குற்றம் அவ்வீட்டாருடையது மட்டுமன்று. 'இன்னார் மகன்' என்ற ஒன்றுக்காகவே வாக்களிக்கும் நம் மக்களுக்கும் அதிற் பங்குண்டு. நம் தமிழியக்கங்களும் நெஞ்சில் கைவைத்துப் பார்க்கட்டும். இதழும் அறக்கட்டளையும் தலைமையும் வீட்டு உடைமைபோல் கைமாறுமாயின், பிறரைக் குறைகூறும் தகுதி நமக்கேது?

இனி வாக்குக் கேட்டு வருவாரிடம் "யார் மகன்?" என்று கேளாதீர். தமிழைப் பயிற்றுமொழியாக்க என்ன செய்வாய்? தமிழுக்கும் தில்லிக்கும் பகை மூண்டால் பொறுப்பைத் தூக்கி எறிவாயா? உனக்குப்பின் உன் வீட்டாரை இவ்விருக்கைக்கு அனுப்பாதிருப்பாயா? இம் மூன்றையும் கேளுங்கள். மூன்றுக்கும் நேர்நின்று விடைசொல்பவன் எவன் மகனாயினும் ஆகுக. அவனே கொள்கையின் பிறங்கடை. சொல்லாதவன் எத்துணைப் பெரியவர்க்குப் பெயரனாயினும் அவன் நாற்காலியின் பிறங்கடையே!