வீடு வாங்கினால் போதுமா? காப்பாற்ற வேண்டாமா?

சொந்த வீடு. தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்த நம் மக்களுக்கு இந்த இரண்டு சொற்களின் அருமை தெரியும். தலைமுறை தலைமுறையாகப் பால்மரம் வெட்டினோம். செம்பனைக் குலை வெட்டிச் சுமந்தோம். குடியிருந்த லயத்து வீடு மட்டும் என்றைக்கும் கம்பெனியின் வீடாகவே இருந்தது. வேலை இருக்கும் வரைதான் வீடு. வேலை நின்றால் மூட்டை கட்ட வேண்டும். தோட்டத்தை வீடமைப்பு நிறுவனத்திற்கு விற்றுவிட்டால் கோயில், தமிழ்ப்பள்ளி, இடுகாடு எல்லாமே கேள்விக்குறியாகும்.

அதனால்தான் இந்நாட்டில் இந்தியர்களின் உரிமைப் போராட்டம் என்றால் அதில் வீட்டுரிமைக்கு எப்போதும் முதலிடம் உண்டு. 2009இல் பினாங்கு கம்போங் புவா பாலாவில் வீடுகள் இடிக்கப்பட்டதை நாம் மறந்துவிடவில்லை. தோட்டத் தொழிலாளர்களுக்குச் சொந்த வீடு என்று பல பத்தாண்டுகளாகப் பேசியவர்கள் எத்தனை பேருக்கு வீடு கொடுத்தார்கள் என்ற கேள்வியையும் நாம் விடப்போவதில்லை.

ஆனால் இந்தத் தலையங்கம் அரசாங்கத்தைப் பற்றியது அல்ல. நம்மைப் பற்றியது.

தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களில் பல, ஒருவழியாக வங்கிக் கடன் எடுத்து மலிவு விலை அடுக்குமாடியில் ஒரு வீட்டை வாங்கியிருக்கின்றன. 1998இல் அரசாங்கம் மலிவு விலை வீடுகளின் விலையை 25,000 ரிங்கிட்டிலிருந்து இடத்திற்கு ஏற்ப 42,000 ரிங்கிட் வரை உயர்த்தியது. அன்று அந்த விலையில் வாங்கியவர்களும் உண்டு. இன்று அதைவிடப் பல மடங்கு விலை கொடுத்து, கணவனும் மனைவியும் சேர்ந்து உழைத்து வாங்கும் இளம் குடும்பங்களும் உண்டு. புதுமனை புகுவிழாவுக்குப் பந்தல் போட்டு, பால் காய்ச்சி, உறவினரை அழைத்துச் சாப்பாடு போடுகிறோம். மகிழ்ச்சிதான். யாரும் குறை சொல்ல முடியாது.

அதற்குப் பிறகு என்ன? இதைத்தான் நமக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

தோட்டத்தில் கூரை ஒழுகினால் கிராணியிடம் சொன்னோம். குழாய் உடைந்தால் மண்டோரிடம் சொன்னோம். ஆள் வருவதற்கு ஒரு மாதம் ஆகலாம், வராமலே கூடப் போகலாம். ஆனாலும் பழுதுபார்ப்பது நிர்வாகத்தின் பொறுப்பு என்பதில் சந்தேகமே இல்லை. 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்புக் குறைந்தபட்சத் தரச் சட்டமும் அதையே சொன்னது. நம் பெற்றோர் வீட்டு வரி கட்டியதில்லை. நில வரி என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரிய வேண்டிய அவசியமும் இருந்ததில்லை. இந்தப் பழக்கம் நம் இரத்தத்தில் ஊறியிருக்கிறது. அடுக்குமாடிக்கு வந்த பிறகும் "அவர்கள் வந்து செய்வார்கள்" என்றே காத்திருக்கிறோம். அந்த "அவர்கள்" யார்? இனி அது நாம்தான்.

சாவி வாங்கிய அன்றே தொடங்கும் வேலை

புதிய வீடு என்றால், சாவி கொடுத்த நாளிலிருந்து 24 மாதங்களுக்குள் தெரியவரும் குறைகளை வீடமைப்பு நிறுவனம் தன் செலவில் சரிசெய்து தர வேண்டும். வாங்கும்போது நாம் கையெழுத்திடும் ஒப்பந்தத்திலேயே இது இருக்கிறது. எழுத்து மூலம் தெரிவித்த 30 நாட்களுக்குள் பழுதுபார்க்க வேண்டும் என்றும் இருக்கிறது.

நம்மில் எத்தனை பேர் இதைப் பயன்படுத்துகிறோம்? சாவி கிடைத்ததும் முதலில் ஓடுவது கிரில் கடைக்கும் சோபா கடைக்கும்தான். வாஸ்து பார்க்க ஆள் கூட்டி வருகிறோம். குளியலறைத் தரையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி அது வடிகிறதா, தேங்குகிறதா என்று பார்ப்பதில்லை. ஒவ்வொரு குழாயையும் திறந்து பாருங்கள். ஒவ்வொரு சுவிட்சையும் போட்டுப் பாருங்கள். சுவர் விரிசலைப் படம் எடுத்து வையுங்கள். குறைகளைப் பட்டியலிட்டுக் கடிதமாகக் கொடுத்து, நம்மிடம் இருக்கும் பிரதியில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும், தாளில் இருப்பதுதான் பேசும். சுவரை உடைப்பது, மாற்றிக் கட்டுவது எல்லாம் இதற்குப் பிறகுதான். அதற்கும் நிர்வாகத்தின் அனுமதியும், தேவைப்படும் இடங்களில் நகராண்மைக் கழகத்தின் அனுமதியும் வேண்டும்.

கைமாறிய பழைய வீடு என்றால் கதை வேறு. விற்பவர் பராமரிப்புக் கட்டணமும் வரிகளும் பாக்கி வைத்திருக்கிறாரா என்று கணக்கறிக்கை வாங்கிப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

மாதத் தவணை மட்டும்தானா?

"மாதம் ஐந்நூறு வங்கிக்குக் கட்டினால் போதும்" என்று கணக்குப் போட்டு வீடு வாங்குகிறவர்கள் பலர். வங்கித் தவணை ஒரு செலவுதான். வீட்டு வரியை நகராண்மைக் கழகத்திற்கு ஆண்டுக்கு இரண்டு முறை, பிப்ரவரி இறுதிக்குள்ளும் ஆகஸ்டு இறுதிக்குள்ளும் கட்ட வேண்டும். நில வரி அல்லது அடுக்குமாடி வீடுகளுக்கான சுக்காய் பெத்தாக் ஆண்டுக்கு ஒரு முறை. மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம். அதோடு பெரிய பழுதுகளுக்காகச் சேர்த்து வைக்கும் சேமிப்பு நிதி, இது வழக்கமாகப் பராமரிப்புக் கட்டணத்தில் 10 விழுக்காடு. தண்ணீர், மின்சாரம் தனி.

2025 பிப்ரவரியில்தான் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. அந்தச் சம்பளத்தில் இத்தனையும் கட்டுவது எளிதல்ல என்பது நமக்குத் தெரியாமல் இல்லை. அதனால்தான் சொல்கிறோம்: வீடு வாங்கிய முதல் இரண்டு ஆண்டுகளில் புதுக் காருக்கும் பெரிய டிவிக்கும் தவணை எடுக்காதீர்கள். மகள் திருமணத்துக்கு, காதணி விழாவுக்கு என்று வீட்டின் மேல் மறுகடன் எடுக்காதீர்கள். ஆலோங்கிடம் போகவே போகாதீர்கள்.

தவணை தடுமாறினால் ஒளிந்துகொள்ள வேண்டாம். வங்கியிலிருந்து வரும் கடிதத்தைப் பிரிக்காமல் அலமாரியில் செருகி வைப்பது நம்மவர்களிடம் உள்ள கெட்ட பழக்கம். மூன்று மாதத் தவணை நின்றுவிட்டால் வங்கி அதை வாராக் கடனாகவே பார்க்கும். அதற்கு முன்பே வங்கிக்கு நேரில் போய்ப் பேசுங்கள். 2006 முதல் செயல்படும் ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை நிறுவனம் இலவசமாகவே உதவுகிறது. ஊழியர் சேமநிதியிலிருந்தும் வீட்டுக் கடனைக் குறைக்கப் பணம் எடுக்க வழி உண்டு.

வீடு லெலோங்கில் போனால் கடன் தீர்ந்தது என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். தீராது. ஏலத்தில் வந்த தொகை கடனை அடைக்கப் போதவில்லை என்றால் மீதியையும் நாம்தான் கட்ட வேண்டும். வீடும் போய்க் கடனும் நிற்கும்.

லிப்ட் ஏன் ஓடவில்லை?

நம் மக்கள் குடியிருக்கும் அடுக்குமாடிகளுக்குப் போனால் முதலில் கேட்கும் குறை லிப்ட். எட்டாவது மாடியில் இருக்கும் மூட்டுவலிக்காரப் பாட்டி மாதக்கணக்கில் கீழே இறங்குவதில்லை. நோயாளியை நாற்காலியில் வைத்து நான்கு பேர் தூக்கி வருகிறார்கள். கோபம் நியாயமானதுதான். யார் மேல் கோபப்படுவது?

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 300 வீடுகள், வீட்டுக்கு மாதம் 50 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால் வர வேண்டியது 15,000 ரிங்கிட். பாதிப் பேர் கட்டவில்லை என்றால் கையில் இருப்பது 7,500. குப்பை அள்ள, படிக்கட்டு விளக்கெரிய, காவலாளிக்கு, காப்புறுதிக்கு, லிப்ட் நிறுவனத்திற்கு எல்லாமே அதிலிருந்துதான். முதலில் நிற்பது லிப்ட். லிப்ட் நின்றதும் "ஓடாத லிப்டுக்கு நான் ஏன் கட்ட வேண்டும்" என்று இன்னும் நூறு பேர் நிறுத்துகிறார்கள். பிறகு எந்தக் காலத்தில் அது ஓடும்?

கட்டாமல் இருப்பவர்களைச் சட்டமும் சும்மா விடுவதில்லை. 2013ஆம் ஆண்டின் ஸ்த்ராத்தா நிர்வாகச் சட்டம் 2015இல் நடப்புக்கு வந்தது. பாக்கிக்கு ஆண்டுக்கு 10 விழுக்காடு வரை வட்டி போடலாம். வழக்குத் தொடரலாம். வாரண்டு எடுத்து வீட்டுச் சாமான்களைக் கூடப் பறிமுதல் செய்யலாம். மாதம் 50 ரிங்கிட் பெரிதாகத் தெரியாது. மூன்று ஆண்டு விட்டால் 1,800 ரிங்கிட். அன்று அதை ஒரேயடியாகக் கேட்கும்போது எங்கே போவோம்?

காலியாகக் கிடக்கும் நம் நாற்காலி

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது. பாக்கி வைத்திருப்பவருக்குக் கூட்டத்தில் ஓட்டு இல்லை. கூட்டத்திற்கு ஏழு நாள் முன்பு வரை கட்டணம் நிலுவையில் இருந்தால் கை தூக்க முடியாது. இதுதான் சட்டம்.

அடுக்குமாடியை நடத்துவது வீட்டு உரிமையாளர்களின் நிர்வாக மன்றம். ஆண்டுக்கு ஒரு முறை மெஷுவாராட் அகோங் நடத்தி செயற்குழுவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கட்டணம் எவ்வளவு, காவலாளி நிறுவனம் எது, மண்டபம் யாருக்கு, கார் நிறுத்துமிடம் எப்படி என்று எல்லாம் அங்கேதான் முடிவாகிறது. வீட்டில் சாவு விழுந்தால் கீழே பந்தல் போட இடம் தருவார்களா, தீபாவளிக்கு மண்டபம் கிடைக்குமா, வாசலில் கோலம் போட்டால் முகம் சுளிப்பார்களா என்பதும் அங்கே உட்கார்ந்திருப்பவர்களைப் பொறுத்ததுதான். பொது இடம் எல்லா இனத்தவருக்கும் சொந்தமானது. அதைப் பேசித்தான் பகிர்ந்துகொள்ள வேண்டும். பேச வேண்டிய இடத்தில் நாம் இல்லை என்றால் நமக்காக யார் பேசுவார்கள்?

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். கூட்டத்திற்குப் பாதி உரிமையாளர்கள் வர வேண்டும் என்பது விதி. அரை மணி நேரம் காத்திருந்தும் வராவிட்டால், வந்திருப்பவர்களை வைத்தே கூட்டத்தை நடத்தலாம். முந்நூறு வீடுகளுக்கு இருபது பேர் முடிவெடுப்பது இப்படித்தான். அந்த இருபது பேரைக் குறை சொல்லாதீர்கள். அவர்கள் வந்தார்கள், நாம் வரவில்லை.

நோட்டீஸ் மலாயில் இருக்கிறது, புரியவில்லை என்பது இனியும் காரணம் ஆகாது. பள்ளியில் படிக்கும் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அப்பாவுக்கு ஷிப்ட் வேலை என்றால், எழுத்து மூலம் அதிகாரம் கொடுத்து வேறொருவரை அனுப்பலாம். அந்தத் தாளைக் கூட்டத்திற்கு 48 மணி நேரத்துக்கு முன்பே ஒப்படைக்க வேண்டும். கணக்கைக் கேளுங்கள், குரலை உயர்த்தாமல் கேளுங்கள். கணக்குக் காட்ட மறுத்தாலும், கூட்டமே நடத்தாமல் இழுத்தடித்தாலும் நகராண்மைக் கழகத்தில் உள்ள கட்டட ஆணையரிடம் புகார் செய்யலாம். ஸ்த்ராத்தா நிர்வாக நடுவர் மன்றமும் இருக்கிறது. அங்கே பொதுவாக வழக்கறிஞர் வைக்காமலே நாமே பேசலாம்.

மேல்வீட்டிலிருந்து தண்ணீர் ஒழுகினால் அண்டை வீட்டாரோடு சண்டை போடத் தேவையில்லை. நிர்வாகத்திற்கு எழுத்து மூலம் தெரிவித்தால் ஏழு நாட்களுக்குள் அவர்கள் வந்து பார்க்க வேண்டும். வேறு காரணம் நிரூபிக்கப்படாத வரை மேல்வீட்டிலிருந்து வந்ததாகவே விதிமுறை எடுத்துக்கொள்கிறது. இப்படிப்பட்ட உரிமைகள் தாளில் எழுதிக் கிடக்கின்றன. எடுத்துப் பயன்படுத்த ஆள்தான் இல்லை.

யார் பெயரில் வீடு?

கடைசியாக ஒன்று. தோட்டத்தில் வீடு அப்பாவின் வேலையோடு சேர்ந்து வந்தது, அதோடு சேர்ந்தே போனது. சொந்த வீட்டிலும் அதே தவறு வேண்டாம். அம்மாவும் உழைத்துத்தான் தவணை கட்டுகிறார். முடிந்தால் இருவர் பெயரிலும் வாங்குங்கள். கடனோடு சேர்த்துக் கடன் காப்புறுதி எடுங்கள். மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும் குடும்பத் தலைவருக்கு ஏதாவது நேர்ந்தால் பிள்ளைகள் நடுத்தெருவில் நிற்கக் கூடாது. தனிப் பட்டா வெளியாகிவிட்டதா என்று கேட்டுப் பெயர் மாற்றிக்கொள்ளுங்கள். பட்டா மாற்றப்படாத வீட்டில் கடன் நின்றால், ஒப்பந்தத்தை வைத்து வங்கி நீதிமன்றம் போகாமலே ஏலம் விட வழி இருக்கிறது. உயில் எழுதி வையுங்கள். இறந்தவர் பெயரிலேயே பத்து, பதினைந்து ஆண்டுகள் கிடக்கும் வீடுகளால் அண்ணன் தம்பி உறவே முறிந்துபோகிறது.

இதையெல்லாம் நாம் சொல்வதால் வீடமைப்பு நிறுவனங்களும் அரசாங்கமும் தப்பித்துக்கொள்ளலாம் என்று பொருள் அல்ல. மட்டமான லிப்டைப் பொருத்திவிட்டுப் போனவர்களையும், பட்டாவை ஆண்டுக்கணக்கில் இழுத்தடிப்பவர்களையும், வாழ முடியாத சம்பளம் கொடுப்பவர்களையும் எதிர்த்து நாம் எழுதிக்கொண்டேதான் இருப்போம். மலிவு விலை அடுக்குமாடிகளைப் பழுதுபார்க்க அரசாங்கம் ஒதுக்கும் பணத்தை நியாயமாகப் பகிர வேண்டும் என்றும் கேட்போம். ஆனால் ஒழுங்கான கணக்கும் செயற்குழுவும் இல்லாத அடுக்குமாடிக்காக எவரிடம் போய், எந்த முகத்தோடு கேட்பது?

வீடு வேண்டும் என்று தெருவில் நின்று கேட்டோம். அந்த வீட்டைக் காப்பாற்றும் வேலை கீழ்த்தளத்து மண்டபத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து செய்ய வேண்டியது. அடுத்த மெஷுவாராட் அகோங் நோட்டீஸ் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று இன்று மாலை வேலை முடிந்து வரும்போது பாருங்கள். பாக்கி இருந்தால் முடிந்ததைக் கட்டத் தொடங்குங்கள். பக்கத்து வீட்டுக்காரரையும் அழைத்துக்கொண்டு போங்கள்.

சிந்திப்போம். செயல்படுவோம்.