நோன்பிழந்த முட்டை

உயிர்த்தெழுந்த திருநாள் அணுகுந்தோறும் நம் மாணவரிடையே ஒரு வழக்கு எழுவதுண்டு. அந்நாளில் வழங்கும் வண்ண முட்டை, பண்டைச் சாக்சானியர் வணங்கிய ஈயோஸ்திரை என்னும் தேவதையின் படையல் என்றும், கிறிஸ்தவர் அதனைத் தமதாக்கிக்கொண்டனர் என்றும் நண்பர் சிலர் உறுதியாகக் கூறுவர். யாம் இதனை ஒப்புவதற்கில்லை.

அத்தேவதையின் பெயரைக் கூறும் பழைய நூல் ஒன்றே. 725-ஆம் ஆண்டில் பீட் என்னும் ஆங்கிலத் துறவியார், காலக்கணிதம் பற்றித் தாம் எழுதிய இலத்தீன் நூலில், ஒரு மாதத்தின் பெயர்க்காரணம் உரைக்குமிடத்து அவளைக் குறித்துச் செல்கின்றார். முட்டையைப் பற்றியோ முயலைப் பற்றியோ அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவ்விரண்டையும் அவளோடு பிணைத்தவை பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டின் ஊகங்களே.

முட்டையின் வரலாற்றைத் தேவதையின் கோயிலிலன்று, கோழிக்கூட்டிலே தேடுதல் வேண்டும். ஐரோப்பாவில் குளிர்காலத்தே பகல் குறுகுதலால் கோழிகள் அருகியே முட்டையிடும். இளவேனிலில் பகல் நீள நீள முட்டையும் பெருகும். அப்பெருக்கம் வரும் காலமே லெந்து காலமும் ஆகும். இடைக்காலத் திருச்சபை அந்நோன்பில் ஊனை மட்டுமன்றிப் பால், வெண்ணெய், முட்டை ஆகியவற்றையும் விலக்கியிருந்தது. கோழிக்கு நோன்பு ஏது? அது இட்டுக்கொண்டே இருந்தது. குவிந்தவை திருநாளன்று பந்திக்கு வந்தன. 1290-இல் இங்கிலாந்தின் முதலாம் எட்வர்டு மன்னர் அரண்மனைக் கணக்கில், அத்திருநாளுக்காக 450 முட்டைகள் வாங்கிய செலவு 18 பென்சு என்று எழுதப்பட்டிருக்கின்றது.

கீழைத் திருச்சபையார் இவ்விலக்கை இன்றும் கைவிடவில்லை. கிரேக்கர் பெரிய வியாழனன்று முட்டைக்குச் செந்நிறம் ஊட்டி, நள்ளிரவு ஆராதனை முடிந்த பின்னரே உடைத்து உண்பர். ருஷியர் செய்யும் பாஸ்கா என்னும் இனிப்பையோ, நோன்பின் கணக்கேடு என்றே சொல்லலாம்: நீர் வடித்த பாற்கட்டி, வெண்ணெய், பாலாடை, முட்டை என விலக்குண்டவை யாவும் ஒரே மர அச்சில் அமுக்கப்படுகின்றன. பல நாள் காத்திருந்த நாவுக்கு அதன் சுவை எத்தகையதாயிருக்கும்!

எம் முன்னோர்க்கு வேதம் கொணர்ந்த சீர்திருத்தச் சபையாரோ, உணவு விலக்கைப் பெரும்பாலும் தளர்த்திவிட்டவர். ஆகவே நம்மிடம் முட்டை வந்தது. அதனைப் பெற்ற நோன்பு வரவில்லை. 1873-இல் பிரிஸ்டல் நகரத்து ஃபிரை நிறுவனத்தார் சாக்கொலேட்டால் முட்டை வார்த்தனர். அதற்குக் கோழியும் வேண்டா, காத்திருப்பும் வேண்டா. அதன் உள்ளே ஒன்றுமில்லை என்பது பொருத்தமே.

அண்டையிலுள்ள மலையாள நாட்டுத் தோமா கிறிஸ்தவரின் பெசஹா அப்பத்தை எண்ணுங்கால் நமக்கு வெட்கம் உண்டாகின்றது. பெரிய வியாழன் இரவு, புளிப்பில்லாத அவ்வப்பத்தின்மேல் குருத்தோலைச் சிலுவை வைத்து, வேண்டுதல் செய்தபின் குடும்பத் தலைவர் அறுத்துப் பகிர்வார். அவ்வாண்டில் சாவு நேர்ந்த வீட்டில் அப்பம் சுடுவதில்லை. உறவினரோ அயலாரோ கொண்டுவந்து கொடுப்பர். பசியும் துக்கமும் அறிந்த உணவு அது.

எம் விடுதியில் லெந்து காலத்திலும் புதன்தோறும் முட்டைக் குழம்பு உண்டு. சென்ற ஆண்டு யாம் நால்வர் அதனை விலக்க முடிவுசெய்து சமையற்காரரிடம் சென்று சொன்னோம். அவர் சற்றும் வியப்புறவில்லை. “நல்லது தம்பி, அடுத்த பந்திக்கு நாலு முட்டை மிச்சம்” என்றார்.