ஒற்றைக்கண் ஆட்டுக்குட்டி

ஓ.எல். சோதனையோடு படிப்பை விட்டு, இங்கே பே ஏரியாவில் தொழிற்சாலை வேலை செய்யும் நாம் விஞ்ஞானம் எழுதினால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஆனால் வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருந்தால் வாசித்துவிட்டுச் சிரியுங்கள்.

1950களில் ஐடஹோ மாநில மலைகளில் மேய்ந்த செம்மறிகள் சில, நெற்றி நடுவே ஒரேயொரு கண்ணுடன் குட்டி ஈன்றன. பரம்பரைக் குறையோ என்று முதலில் சந்தேகித்தார்கள். விவசாயத் திணைக்கள ஆராய்ச்சியாளர்கள் வருடக்கணக்காக மெனக்கெட்டு, மலையில் வளரும் சோள லில்லி என்ற செடியே காரணம் என்று கண்டார்கள். சினைப்பட்ட 14ஆம் நாளளவில் தாய் ஆடு அதைத் தின்றால் குட்டிக்கு இந்தக் கதி. தாயோ பார்வைக்கு நன்றாகவே இருக்கும். எங்கள் ஊரென்றால் கிரகணத்தின் தலையிலோ, அதைவிடச் சுலபமாகத் தாயின் தலையிலோ பழியைப் போட்டிருப்போம்.

அந்த நஞ்சின் பெயர் சைக்ளோபமைன். கருவில் அது என்ன செய்கிறது?

வயிற்றில் பிள்ளை உருவாகும்போது, கண் இரண்டாகப் பிரியவும் கைவிரல்கள் ஒழுங்காக அமையவும் கலங்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்புகின்றன. அவற்றில் ஒரு செய்திக்கு ஹெட்ஜ்ஹாக், அதாவது முள்ளெலி என்று பெயர். 1980இல் பழ ஈக்களில் இந்த மரபணுவைக் கண்டவர்கள் நியுஸ்லைன் ஃபோல்ஹார்டும் வீஷவுஸும். 1995இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

கலத்தின் மேற்சவ்வில் ஸ்மூதண்ட் என்றொரு வாங்கி உண்டு. இது ஒரு விசித்திரமான பேர்வழி. அதன் இனத்து மற்ற வாங்கிகள் வெளியிலிருந்து வரும் செய்தியைத் தாமே பிடிக்கும். இதுவோ முள்ளெலிச் செய்தியைத் தொடுவதேயில்லை. பட்ச்டு என்ற இன்னொரு புரதம் சூப்பர்வைசர் போல அதை அடக்கி வைத்திருக்கும். செய்தி வந்து சூப்பர்வைசரைப் பிடித்துக்கொண்டால்தான் ஸ்மூதண்டுக்கு விடுதலை. அதன் பிறகே கட்டளை கலத்துக்குள் போகும். சைக்ளோபமைன் நேரே ஸ்மூதண்டில் குந்திப் பூட்டிவிடுகிறது என்று 2002இல் காட்டினார்கள். செய்தி வந்தும் வேலை நடக்காது.

மறுபக்கமும் உண்டு. 1996இல் ஸ்டான்ஃபோர்ட், சான் பிரான்சிஸ்கோ ஆராய்ச்சியாளர்கள் ஒருவகைத் தோற்புற்றுநோயில் பட்ச்டு பழுதாகியிருப்பதைக் கண்டார்கள். சூப்பர்வைசர் இல்லாத லைன் இரவு பகலாக ஓடுவதுபோல் கலங்கள் பெருகுகின்றன. ஆட்டுக்குட்டியைக் கெடுத்த அதே பூட்டை இங்கே மருந்தாக்கினார்கள். எங்கள் பக்கத்துத் தென் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள ஜெனன்டெக் நிறுவனத்தின் விஸ்மோடெகிப் குளிகைக்கு 2012 ஜனவரியில் அனுமதி கிடைத்தது.

குளிகைப் பெட்டியோடு வரும் தாளில் கட்டம் போட்டு எச்சரிக்கை எழுதியிருக்கிறது: கருவைக் கொல்லும், அல்லது கடுமையாக ஊனமாக்கும். சாப்பிடும் காலத்திலும் நிறுத்திய பின் குறிப்பிட்ட காலம் வரையிலும் இரத்ததானம் கூடாது. ஆண்கள் சாப்பிட்டாலும் ஆணுறை வேண்டும்.

இந்தக் குளிகை எங்கள் வீடுகளுக்கு வருவது அபூர்வம்தான். ஆனால் ஒரே வீட்டில் மூன்று குடும்பம் இருக்கும்போது ஒருவரின் மருந்தை மற்றவர் விழுங்குவதும், ஊரிலிருந்து வந்த வேர், சூரணம் என்று டாக்டரிடம் சொல்லாமல் குடிப்பதும் அபூர்வமல்ல. கரு தங்கியது தெரியும் முன்னரே முக்கியமான நாட்கள் போய்விடுகின்றன. பிள்ளை எதிர்பார்த்திருக்கும் தங்கச்சிமார் குடிப்பது எல்லாவற்றையும், மூலிகை உட்பட, பையோடு கொண்டுபோய் டாக்டருக்குக் காட்டுங்கள். ஆங்கிலம் வராவிட்டால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேளுங்கள். சமஷ்டி அரசின் பணம் பெறும் ஆஸ்பத்திரிகள் இலவசமாகத் தரவேண்டும். பள்ளிக்கூடம் போகும் மகனைக் கூட்டிக்கொண்டு போய் இதையெல்லாம் அவன் வாயால் சொல்ல வைக்காதீர்கள்.