கதவு தட்டும் ஓசை



சென்ற மாதம் பொறுமையைப் பற்றி இப்பக்கத்தில் எழுதினேன். இம்மாதம் என் பொறுமையின்மையைப் பற்றி எழுத வேண்டியவனாயிருக்கிறேன்.

சொந்த ஊர்ப் பக்கம் மாற்றல் வேண்டி நான் அனுப்பிய மூன்றாவது விண்ணப்பமும் மறுக்கப்பட்டுவிட்டது. திருநெல்வேலிச் சீமையில் என் தாயார் தனியே இருக்கிறார். ஒவ்வொரு விண்ணப்பத்தையும் முழங்காலில் நின்று ஜெபித்த பின்னரே அனுப்பினேன். ஆண்டவர் செவிசாய்க்கவில்லையே என்று மனம் கசந்தது.

அக்கசப்போடுதான் மறுநாள் முன்பதிவுக் கவுண்ட்டரில் அமர்ந்திருந்தேன். வங்காளி ஒருவர் மனைவியோடும் மகளோடும் வந்து, காட்பாடிக்கு மூன்று சீட்டுக் கேட்டார். மகளுக்கு இருதய நோய். வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். சீட்டைப் பெற்றுக்கொண்டும் அவர் நகரவில்லை. "அந்த ஊர்ப் பாஷை எங்களில் ஒருவருக்கும் தெரியாதே" என்றார். ஒரு வெற்றுப் படிவத்தின் பின்புறத்தில், அன்றாடம் தேவைப்படும் பத்துத் தமிழ் வாக்கியங்களை வங்காள எழுத்திலேயே எழுதிக் கொடுத்தேன். அவர் அதைச் சட்டைப் பையில் வைத்த விதம், சீட்டைவிட அதுவே விலையுயர்ந்தது என்பதுபோல் இருந்தது.

வேலூருக்குச் செல்லும் வங்காளக் குடும்பங்களை இவ்வூரில் நாள்தோறும் காண்கிறோம். அந்த ஆஸ்பத்திரி எழுந்த வரலாற்றை அன்றிரவு நினைத்துப் பார்த்தேன்.

அதை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையார் 1870இல் இராணிப்பேட்டையில், அமெரிக்க மிஷனெரி மருத்துவக் குடும்பத்திலே பிறந்தவர். அமெரிக்காவில் பயின்றுகொண்டிருந்தவர், நோயுற்ற தாயாரைக் கவனிக்க 1890இல் திண்டிவனம் வந்தார். இந்நாட்டில் ஊழியம் செய்ய அவருக்குச் சற்றும் விருப்பமில்லை. விரைவில் திரும்பிவிடுவதே அவர் எண்ணம். ஓர் இரவு மூவர், ஒருவர்பின் ஒருவராக வந்து அவ்வீட்டுக் கதவைத் தட்டினர். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றவர் வேறொரு இந்து. மூவர் மனைவியரும் பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்தனர். தம் தந்தையார் மருத்துவர் என்று ஐடா சொல்லியும், ஆடவர் வந்து பார்ப்பதற்கு மூவருமே இசையவில்லை. ஐடாவுக்கோ மருத்துவம் தெரியாது. பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டனர் என்ற செய்தி வந்தது.

அவ்வம்மையார் அமெரிக்கா திரும்பியது மருத்துவம் கற்பதற்காக. 1899இல் பட்டம் பெற்று, 1900இல் மீண்டும் வந்தார். 1902இல் வேலூரில் 40 படுக்கைகளோடு மருத்துவமனை எழுந்தது. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கிற்று. 1960இல் அவர் மறையும் மட்டும் அவருக்குத் தமிழகமே வீடு.

அம்மூன்று பெண்களும் ஐடாவை அழைப்பதற்காகவே மாண்டனர் என்று சொல்ல நான் துணியேன். அன்பே உருவான ஆண்டவர் மேல் அப்படிப்பட்ட பழியைச் சுமத்தலாகாது. மரணம் அவர் அனுப்பிய கடிதம் அன்று. ஆயினும் அத்துயரத்தின் நடுவிலும் அவர் ஒரு பெண்ணின் உள்ளத்தோடு பேசினார் என்று நம்புகிறேன்.

அப்போஸ்தலர் நடபடிகள் 16ஆம் அதிகாரத்திலும் இத்தகைய நிகழ்ச்சி ஒன்று உண்டு. பவுல் ஆசியா நாட்டில் பிரசங்கிக்க விரும்பினார், ஆவியானவர் தடுத்தார். பித்தினியாவுக்குப் போக முயன்றார், அவ்வழியும் அடைபட்டது. துரோவாவில் ஓரிரவு, மக்கெதோனியன் ஒருவன் தங்களுக்கு உதவ வருமாறு வேண்டுவதைத் தரிசனத்தில் கண்டார். கடல் கடந்து பிலிப்பிக்குச் சென்றார். அங்கே ஆற்றங்கரையில் அவர் சொல்லைக் கேட்டு விசுவாசித்த லீதியாள் யார்? இரத்தாம்பரம் விற்கும் பெண். அவள் ஊரோ தியத்தீரா. எந்த ஆசியாவுக்குப் போகாதபடி பவுல் தடுக்கப்பட்டாரோ, அதே ஆசியாவிலிருந்து பிழைப்பை நாடி வந்தவள்! நம்மைப்போல் ஊர்விட்டு ஊர் வந்த ஒருத்தியின் வீடே பிலிப்பியில் பவுலுக்குத் தங்குமிடமாயிற்று.

இவ்விரண்டிலும் நான் காண்பது ஒன்றே. எதிர்பாராத வழிநடத்துதல் பெரும்பாலும் பிறர் உதவி கேட்டுக் கதவைத் தட்டும் ஓசையாகவே வருகிறது. சீட்டுக் குலுக்கியோ கனவுக்குப் பலன் பார்த்தோ அதை அறிய வேண்டுவதில்லை. "இது என் சௌகரியத்துக்கான அழைப்பா, பிறர் குறைக்கான அழைப்பா?" என்று கேட்டுக்கொண்டாலே பாதி தெளிந்துவிடும். மீதிப் பாதிக்கு ஜெபமும் பெரியோர் ஆலோசனையும் உண்டு.

இதனால் என் கசப்பு முற்றும் தீர்ந்தது என்று சொன்னால் பொய்யாகும். தாயாரைப் பேணுவதும் ஆண்டவர் இட்ட கடமையே. ஆகையால் நான்காவது விண்ணப்பத்தையும் அனுப்பிவிட்டேன். ஆனால் விடை வரும்வரை காதை அடைத்துக்கொண்டு காத்திருப்பதில்லை என்று தீர்மானித்திருக்கிறேன்.

அந்தப் பத்து வாக்கியங்கள் இப்போது நாற்பதாகியிருக்கின்றன. நல்ல கையெழுத்தில் படியெடுப்பவள் என் மனைவி. வேலூர் செல்லும் அண்டை வீட்டார் எவரேனும் உங்களிடம் வழி கேட்டால், எந்த மதத்தவராயினும், ஒரு படி வாங்கிக் கொடுங்கள். ஞாயிறு மாலைகளில் நம் சங்கத்துக் கட்டடத்தில் இருப்பேன். கதவு திறந்தேயிருக்கும், தட்டவும் வேண்டா.