அந்தக் கோப்பு அங்கேயே இருக்கட்டும்!

கணிப்பொறியில் வன்தட்டு நிரம்பிவிட்டால், "பேஜ்ஃபைல் என்று ஒரு பெரிய கோப்பு ஒளிந்திருக்கிறது. அதை நிறுத்திவிடு, சில ஜி.பி. இடம் மிச்சமாகும்" என்று யாராவது யோசனை சொல்வார்கள். மாணவ நண்பர்களே, அந்த யோசனையைக் கேட்காதீர்கள் என்பதே என் கருத்து.

உங்கள் படிப்பு மேசையில் நாலு புத்தகங்களுக்குத்தான் இடம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாவது வேண்டுமானால் என்ன செய்வீர்கள்? சும்மா கிடக்கும் ஒன்றைப் பரணில் ஏற்றிவிட்டு, வேண்டியதை இறக்கிக்கொள்வீர்கள் அல்லவா? மேசைதான் ராம் எனும் நினைவகம், பரண், வன்தட்டு. கணிப்பொறி தன் நினைவகத்தைச் சிறுசிறு 'பக்கங்களாக'ப் பிரித்துக்கொள்கிறது. பெரும்பாலான வீட்டுக் கணிப்பொறிகளில் ஒரு பக்கம் 4 கே.பி. வெகுநேரம் தொடப்படாத பக்கத்தை வட்டில் எழுதிவைத்துவிட்டு, காலியான இடத்தை வேறு வேலைக்குத் தருகிறது. விண்டோஸில் அப்படி எழுதிவைக்கும் இடமே அந்தக் கோப்பு. இதில் ஒரு சிக்கனமும் உண்டு. நிரலின் மாறாத பக்கங்களை அது எழுதிவைப்பதில்லை. மூலப் பிரதிதான் வட்டில் ஏற்கெனவே இருக்கிறதே!

இந்த ஏற்பாட்டுக்கு மெய்நிகர் நினைவகம் என்று பெயர். இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்ன் குழுவினர் உருவாக்கி, 1962-இல் இயங்கத் தொடங்கிய 'அட்லஸ்' கணிப்பொறியிலேயே இது இருந்தது. சிறிய காந்த நினைவகத்தையும் அதைவிடப் பெரிய சுழலும் காந்த உருளையையும் ஒரே நினைவகம்போல அவர்கள் இயங்கச் செய்தார்கள். 1985-இல் வந்த இன்டெல் 80386 சில்லு, பக்கம் பிரிக்கும் இந்த வசதியைச் சிறு கணிப்பொறிகளுக்கும் கொண்டுவந்தது.

ஆனால் பரண் மேசையாகிவிடுமா? ராமிலிருந்து ஒரு தகவலை எடுக்க 1 வினாடி ஆகிறது என்று கற்பனை செய்யுங்கள். அதே கணக்கில் எஸ்.எஸ்.டி.யிலிருந்து எடுக்கக் கால் மணி நேரம் ஆகும். சுழலும் வன்தட்டிலிருந்து எடுக்க ஒரு நாளுக்கும் மேல்! (செல்பேசி விளம்பரங்களில் '8+8 ஜி.பி. ராம்' என்று போடுகிறார்களே, அந்தக் கூட்டல் குறியை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.) மேசை மிகவும் சிறியதானால், படிப்பதை விட்டுவிட்டு ஏணியில் ஏறி இறங்குவதே வேலையாகிவிடும். கணிப்பொறி திணறுவது இதனால்தான். இந்தத் திணறலை பீட்டர் டென்னிங் 1968-லேயே ஆராய்ந்து விளக்கியிருக்கிறார்.

இதற்காகப் பரணை இடித்துவிடலாமா? இடித்தால், தொடப்படாத பக்கங்களும் மேசையிலேயே அடைந்து கிடக்கும். ராம் நிரம்பியதும் கேட்கிற இடம் கிடைக்காமல் ஏதாவது ஒரு நிரல் மூடிக்கொள்ளும். சேமிக்காமல் வைத்திருந்த உங்கள் கட்டுரையும் அதோடு போகும். சில ஜி.பி.க்கு இந்த விலை அதிகம்.

இடம்தான் தேவையென்றால் பழைய திரைப்படங்களை நீக்குங்கள். வேகம் தேவையென்றால், வழக்கமான நிரல்களைத் திறந்து வைத்துக்கொண்டு கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் விசைகளை ஒருசேர அழுத்துங்கள். வரும் பட்டியலில் நினைவகம் எப்போதும் நிரம்பியே தெரிந்தால், புதுக் கணிப்பொறி கேட்டு அப்பாவை நச்சரிக்க வேண்டாம். கூடுதல் ராம் பொருத்த முடியுமா என்று முதலில் விசாரியுங்கள். சில மடிக்கணினிகளில் ராம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், அவற்றில் முடியாது.