கீபோர்டு மாட்டினா டேப்லெட் லேப்டாப் ஆயிடுமா? தோவாளை அண்ணாச்சி கேட்ட கேள்வி

போன மாசம் ஒரு சாயங்காலம், நாகர்கோவில் வேப்பமூடு பக்கம் ஒரு கடையில நின்னுட்டு எனக்கு போன் பண்ணினார், தோவாளையில பூ வியாபாரம் பண்ற அண்ணாச்சி ஒருத்தர். மகளுக்கு பி.காம் சீட் கிடைச்சிருக்கு. லேப்டாப் வாங்கப் போன இடத்துல கடைப் பையன் ஒரு டேப்லெட்டை எடுத்து, அதுல கீபோர்டு கவரை மாட்டி, "இதுவும் லேப்டாப்தான் சார், வெயிட்டே இல்ல பாருங்க"ன்னு காட்டியிருக்கான்.

"தம்பி, பார்க்கக் கொள்ளாம். விலையும் குறைவு. பிள்ளைக்கு இது போதும்லா?"

"அண்ணாச்சி, பணம் குடுத்துட்டீங்களா?"

"இல்ல, கார்டை நீட்டிக்கிட்டுதான் நிக்கேன்."

"அப்போ கார்டை உள்ள வைங்க. ராத்திரி வீட்டுக்கு வாறேன்."

அன்னைக்கு ராத்திரி அவர்கிட்ட பேசினதைத்தான் இங்க எழுதுறேன். என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். காலேஜ் படிக்கிற பிள்ளைக்கு, வீட்டில் வேற கம்ப்யூட்டர் இல்லாதப்போ, டேப்லெட் லேப்டாப்புக்கு மாற்று கிடையாது. ஆனா அதே வீட்டில் இருக்கிற தாத்தா பாட்டிக்கு லேப்டாப் வாங்கிக் குடுக்கிறதுதான் தண்டச்செலவு. இது எது நல்ல மெஷின்ங்கிற கேள்வியே இல்லை. நீங்க செஞ்ச வேலையை யார்கிட்ட குடுக்கணும், அவங்க அதை எந்த வடிவத்துல கேட்பாங்கங்கிறதுதான் கேள்வி. அதை முடிவு பண்றது நீங்க இல்லை. காலேஜ், ஆடிட்டர் ஆபீஸ், அரசு போர்ட்டல், இவங்கதான் முடிவு பண்றாங்க.

இதே கேள்வியை நம்ம தமிழ்நாடு அரசே ஒரு தடவை எதிர்கொண்டது. 2025 மார்ச் 14 பட்ஜெட்டில், 2 வருஷத்துல 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு "டேப்லெட் அல்லது லேப்டாப்" தருவோம்னு அறிவிச்சாங்க. முதல் கட்டத்துக்கு 2,000 கோடி ரூபாய். அந்த "அல்லது"வைப் படிச்சப்போ எனக்கு சந்தேகம்தான். டேப்லெட்தான் வரும்னு நினைச்சேன், ஏன்னா விலை குறைவு. ஆனா 2026 ஜனவரி 5-ஆம் தேதி "உலகம் உங்கள் கையில்" திட்டம் தொடங்கினப்போ மாணவர்கள் கைக்கு வந்தது லேப்டாப். 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 11. அதே அரசு 2024-ல் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு, சுமார் 80 ஆயிரம் பேருக்கு, குடுத்தது டேப்லெட். என் பார்வையில ரெண்டுமே சரியான முடிவு. ஆசிரியர் வகுப்புக்குள்ள நின்னுக்கிட்டே ஒரு ஆப்பைத் திறந்து பிள்ளைகளோட மதிப்பீட்டைப் பதியணும், ஒரு வீடியோ காட்டணும். அதுக்கு கையில பிடிக்கிற பலகைதான் வசதி. மாணவர் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் தயார் பண்ணணும், ப்ரோக்ராம் எழுதணும், சாஃப்ட்வேர் போடணும். வேலையே வேற.

இன்னும் கொஞ்சம் பின்னாடி போனா ஒரு வேடிக்கை இருக்கு. 2011 செப்டம்பர் 15-ல் திருவள்ளூர் பக்கம் காக்களூரில் ஜெயலலிதா இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கி வச்சாங்க. சரியா 20 நாள் கழிச்சு, அக்டோபர் 5-ல் டெல்லியில் கபில் சிபல் "ஆகாஷ்" டேப்லெட்டை வெளியிட்டார். 7 இஞ்ச் திரை, 256 எம்பி ரேம், அரசு வாங்கின விலை 2,276 ரூபாய். உலகத்திலேயே மலிவான டேப்லெட்னு பேப்பர் எல்லாம் கொண்டாடுச்சு. நம்ம ஊர்ல எத்தனையோ வீட்டு அலமாரியில் அந்தப் பழைய இலவச லேப்டாப் இன்னும் கிடக்கு. சிலது லினக்ஸ் போட்டு ஓடவும் செய்யுது. ஆகாஷை நான் கண்ணால பார்த்ததே இல்லை. 2,276 ரூபாய் சாமானை இன்றைய டேப்லெட்டோட ஒப்பிடுறது நியாயம் இல்லைதான். இருந்தாலும் "விலை குறைவு, அதனால இது போதும்"ங்கிற கணக்கு எங்க போய் முடியும்ங்கிறதுக்கு அது நல்ல உதாரணம்.

சரி, அண்ணாச்சி மகளோட விஷயத்துக்கு வருவோம். பி.காம்னா டேலி இல்லாம முடியாது. டேலி பிரைம் விண்டோஸ் சாஃப்ட்வேர், ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் நேரடியா போட முடியாது. கிளவுடு வழியா ஓட்டலாம்பாங்க, அதுக்குத் தனி வாடகை. அடுத்தது எக்செல். மொபைல் எக்செல்லில் மேக்ரோ ஓடாது. அதைவிட இன்னொண்ணு, இதைக் கடையில யாரும் சொல்ல மாட்டாங்க: மைக்ரோசாஃப்ட்டோட வேர்டு, எக்செல் மொபைல் ஆப் எல்லாம் 10.1 இஞ்ச் திரை வரைதான் இலவசமா எடிட் பண்ண விடும். அதுக்கு மேல பெரிய திரைன்னா மாசா மாசமோ வருஷத்துக்கோ சந்தா கட்டணும், இல்லைன்னா ஃபைலைப் பார்க்க மட்டும்தான் முடியும். இப்ப கடையில "லேப்டாப் மாதிரி"ன்னு காட்டுற டேப்லெட் எல்லாம் பெரும்பாலும் 11 இஞ்சும் அதுக்கு மேலயும்தான்! கூகுள் ஷீட்ஸ் இலவசம், அதுல சமாளிக்கலாம். ஆனா சார் எக்செல் ஃபைல்தான் வேணும்னா, கூகுள்ல செஞ்சு மாத்திக் குடுக்கும்போது அமைப்பு அங்கங்க கலையும்.

படிப்பு முடிஞ்சு ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல சேர்ந்தா, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்னு பென் டிரைவ் மாதிரி ஒண்ணு குடுப்பாங்க. அதைச் சொருகி, அதுக்கான சாஃப்ட்வேரை கம்ப்யூட்டர்ல போட்டாத்தான் கையெழுத்து விழும். டேப்லெட்டில் சொருகி வேலை வாங்கலாம்னு நினைக்காதீங்க. அதே நேரம், சம்பளக்காரர் ஒருத்தர் தன்னோட வருமான வரி ரிட்டனை ஆன்லைன்ல தாக்கல் பண்ண டேப்லெட் பிரவுசரே போதும். நானே பண்ணியிருக்கேன். அந்த அளவுக்கு டேப்லெட்டைக் குறை சொல்ல மாட்டேன்.

இப்ப காசு. கடையில அண்ணாச்சிக்குச் சொன்ன டேப்லெட் விலை 24,999. கீபோர்டு கவர் 5,500, பேனா 2,000. மொத்தம் ஏறக்குறைய 32,500. லேப்டாப் 38,000. "13,000 லாபம்"னு நினைச்சு நின்ன மனுஷனுக்கு உண்மையான வித்தியாசம் 5,500 ரூபாய்தான். டேப்லெட் நல்லா ஓடுறது 4 வருஷம்னு வைங்க, வருஷத்துக்கு 8,125. லேப்டாப்பை 6 வருஷம் ஓட்டி, நடுவில் பேட்டரிக்கு 4,000 செலவு பண்ணினாலும் மொத்தம் 42,000, வருஷத்துக்கு 7,000. இந்த 4-ம் 6-ம் என் அனுபவக் கணக்கு, உங்க கை பாவனையைப் பொறுத்து மாறும். ஆனா ஒரு விஷயம் மாறாது. பல லேப்டாப்ல ரேமையும் எஸ்எஸ்டியையும் மாத்தலாம், மீனாட்சிபுரத்துல ஒரு சர்வீஸ் கடையில குடுத்தா அரை மணி நேர வேலை. டேப்லெட்டில் வாங்கினப்போ இருந்த ரேம்தான் கடைசி வரைக்கும்.

பெரிய நஷ்டம் அதுவும் இல்லை. டேப்லெட் வாங்கி, ரெண்டாம் வருஷம் "இது பத்தலை"ன்னு லேப்டாப்பும் வாங்குறதுதான் நஷ்டம். 70,500 ரூபாய். இது எனக்கே நடந்தது. கரண்ட் போனாலும் எழுதலாம், பவர் பேங்க்லயே சார்ஜ் ஏறும்னு சொல்லிச் சொல்லி டேப்லெட் வாங்கினேன். ஒக்கிப் புயலப்போ நாள்கணக்கா கரண்ட் இல்லாம கிடந்த ஊர்க்காரனுக்கு அந்த ஆசை வர்றது தப்பில்லை. வீடியோவுக்கு தம்ப்நெயில் பண்ணவும், கணக்கு ஷீட் போடவும் உட்கார்ந்தப்போதான் தெரிஞ்சது. மூணு ஃபைலைப் பக்கத்துல பக்கத்துல வச்சு வேலை பார்க்க முடியாம, போனை எடுத்து ஒண்ணு, டேப்லெட்டில் ஒண்ணுன்னு திண்டாட்டம். மூணே மாசம். அதுக்கப்புறம் அந்த டேப்லெட் அம்மாவுக்குப் போயிடுச்சு. கீபோர்டு கவர் இன்னும் பீரோவுக்குள்ள கிடக்கு.

ஆனா அம்மா கையில அது ஜொலிக்குது, அதைச் சொல்லியே ஆகணும். துபாயில இருக்கிற மகன்கிட்ட வீடியோ கால். பெரிய எழுத்துல நாளிதழ். ராத்திரி சீரியல். எங்க அம்மாவுக்கு லேப்டாப்பைத் திறக்கிறதே ஒரு சடங்கு, பாஸ்வேர்டு, அப்டேட், "இது என்னமோ கேக்குது பாரு"ன்னு ஒரு கூப்பாடு. டேப்லெட்டில் அது எதுவும் இல்லை. பென்ஷன் வாங்குறவங்களுக்கு இன்னொரு லாபமும் உண்டு. வருஷா வருஷம் குடுக்கிற உயிர்வாழ் சான்றிதழை, ஜீவன் பிரமாண் ஆப்பில் முகத்தைக் காட்டியே ஆண்ட்ராய்டு சாதனத்துல குடுத்திடலாம். கம்ப்யூட்டர்ல குடுக்கணும்னா கைரேகைக் கருவி தனியா வேணும். இங்க டேப்லெட் லேப்டாப்பை அடிச்சிடுச்சு. ஒரே எச்சரிக்கை, வைஃபை மட்டும் உள்ள டேப்லெட்டில் யுபிஐ எதிர்பார்க்காதீங்க. பேங்க்ல பதிஞ்ச சிம் அதுக்குள்ள இருந்தாத்தான் அது பதிவே ஆகும்.

இதை எல்லாம் சொன்னப்போ அண்ணாச்சி ஒரு கேள்வி கேட்டார். "அப்போ கம்பெனிக்காரன் சொல்றது பொய்யா தம்பி?"

பொய் இல்லை. 2010-ல், ஐபேட் வந்த வருஷம், ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு மேடையில இதுக்கு உவமை சொன்னார். கம்ப்யூட்டர் எல்லாம் லாரி மாதிரி ஆயிடும், எப்பவும் இருக்கும், ஆனா கொஞ்ச பேருக்குத்தான் தேவைப்படும், மத்தவங்களுக்கு கார் போதும்ங்கிற அர்த்தத்துல. 2025-ல் வந்த ஐபேட்ஓஎஸ் 26-ல் விண்டோவை இழுத்து அடுக்கி வேலை பார்க்கிற வசதி வந்தது. அதாவது 15 வருஷம் கழிச்சு காரோட பின்னாடி கேரியர் கட்டுறாங்க. அந்த விலையுள்ள ஐபேடும் அதுக்கான கீபோர்டும் வாங்குற காசுக்கு நல்ல லேப்டாப்பே வந்திடும்ங்கிறது வேற கதை. இந்த லாரிக் கதையைச் சொன்னதும் அண்ணாச்சி சிரிச்சிட்டார். "சரிதான். தினசரி மூட்டை பைக்ல போயிரும். ஓணத்துக்குப் போவாது."

38,000 கையில இல்லாதவங்களுக்கு நான் சொல்றது பழைய பிசினஸ் லேப்டாப். கம்பெனிகள் மூணு நாலு வருஷம் ஓட்டிட்டுக் கழிக்கிற மாடல்கள். பார்க்கக் கருப்பா, கவர்ச்சியே இல்லாம இருக்கும், ஆனா உழைக்கும். இதுல ஒரு பொறி இருக்கு, கவனமா படிங்க. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓட ஆதரவை நிறுத்திட்டாங்க. விண்டோஸ் 11 முறையா ஏறணும்னா இன்டெல்லில் பொதுவா 8-ஆம் தலைமுறை ப்ராசஸர் அல்லது அதுக்குப் பிந்தினதுதான் வேணும். அதனாலதான் 4-ஆம், 5-ஆம் தலைமுறை "ஐ5" லேப்டாப் எல்லாம் இப்ப 10,000, 12,000-க்குக் கூவிக் கூவி விக்கிறாங்க. "ஐ5"ங்கிற பேரைப் பார்த்து ஏமாறாதீங்க, அதுக்குப் பின்னாடி வர்ற எண்ணைப் பாருங்க. ரேம் 8 ஜிபி இருக்கணும், எஸ்எஸ்டி இருக்கணும், கடைக்காரர் எழுதிக் குடுக்கிற வாரண்டி ஆறு மாசமாவது இருக்கணும்.

அப்புறம், கடையில அண்ணாச்சி நீட்டின அந்தக் கார்டு, "நோ காஸ்ட் இஎம்ஐ"க்காக. வட்டி இல்லைன்னுதான் பேரு. வட்டித் தொகையை விலையில தள்ளுபடியா காட்டிட்டு, பேங்க் வட்டி போடத்தான் செய்யும், அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டியும் ப்ராசஸிங் கட்டணமும் ஸ்டேட்மெண்ட்ல வரும். பெரிய தொகை இல்லை, சில நூறு ரூபாய். ஆனா ரொக்கத்துக்குக் கிடைக்கிற தள்ளுபடி கையை விட்டுப் போயிருக்கும், அதைத்தான் கேட்டுப் பார்க்கணும். அதுக்கும் முன்னாடி பிள்ளையோட காலேஜ் ஆபீஸ்ல அரசு லேப்டாப்புக்கு தகுதி இருக்கான்னு விசாரிச்சிடுங்க. இருந்தா எதையும் இப்ப வாங்காதீங்க.

அண்ணாச்சி மகளுக்கு அந்தத் தகுதி இல்லைன்னு சொல்லிட்டாங்க. மறுநாள் ரெண்டு பேருமா போய் 10-ஆம் தலைமுறை ஐ5 பழைய லேப்டாப் ஒண்ணு 23,000-க்கு வாங்கினோம், ரொக்கம். பிள்ளைக்கு கொஞ்சம் வருத்தம், தோழிகள் கையில டேப்லெட் பார்த்திருக்கா. பேட்டரி ஒன்றரை மணி நேரம்தான் நிக்குது. புதுசு போட 3,500 கேட்குறாங்க. "ஓணம் முடியட்டும் தம்பி, அது வரைக்கும் பிளக்கைச் சொருகிப் படிக்கட்டும்"ன்னுட்டார் அண்ணாச்சி.