எது எதனோடு சேரக்கூடாது?

கத்திப் பட்டறையை ஒழுங்குபடுத்தப் போகிறேன் என்று கிளம்புகிறவர்கள் முதலில் வாங்குவது ஒரு பிளைவுட் பலகை. அதைச் சுவரில் அறைந்து, சுத்தியலுக்கு ஓர் உருவம், அரத்துக்கு ஓர் உருவம், குறட்டுக்கு ஓர் உருவம் என்று பெயின்டில் வரைந்து மாட்டிவிடுகிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. பணியிடத்தை ஒழுங்குபடுத்தும் 'ஃபைவ் எஸ்' முறை நடக்கும் தொழிற்சாலைகளில் அது உதவவும் செய்யும். அங்கே ஒரே ஸ்பேனரைப் பத்துப் பேர் எடுக்கிறார்கள். ஓர் ஆள், மிஞ்சினால் கூட ஓர் உதவியாள் என்று நடக்கும் பட்டறையில் சுத்தியலைத் தேடி யாரும் அலைவதில்லை, கை தானாகப் போகும். நமக்குப் பொருள் தொலைவதால் வரும் நட்டம் கொஞ்சம், பொருள் கலப்பதால் வரும் நட்டம் நிறைய. அலமாரி அடிக்கும் முன் எது எதனோடு சேரக்கூடாது என்று யோசிப்பது நல்லது.

முதலில் ஸ்டீல். மூலையில் சாத்தி வைத்த பட்டைகளைப் போய்ப் பாருங்கள். பேரிங் ஸ்டீலான இஎன் 31-ஐ 800 முதல் 840 டிகிரிக்குள் காய்ச்சி எண்ணெயில் தோய்க்கிறோம். டி2-க்கு ஆயிரம் டிகிரியைத் தாண்ட வேண்டும், அது காற்றிலேயே இறுகும். கருஞ்செதில் படிந்து நிற்கும்போது இரண்டுக்கும் ஒரே முகம். டி2-வை இஎன் 31 என்று எண்ணி 820-இல் எடுத்து எண்ணெயில் விட்டால், வெளியே வந்ததும் அரம் அதைச் சுகமாகக் கடிக்கும். மாற்றி நடந்தால் இன்னும் மோசம்: உள்ளே ஸ்டீலின் மணி (கிரெய்ன்) பெருத்து, கத்தி கைதவறிக் கீழே விழுந்தாலே உடையும். இரண்டு விபத்துக்கும் காரணம் உலை அல்ல, பெயர் எழுதாத பட்டை.

சாக்பீஸ் எழுத்து கை பட்டால் போகும். மார்க்கர் எண்ணெயில் போகும். ஒட்டிய டேப் உலையில் போகும். நிற்பது பஞ்ச் அடித்த எழுத்துதான். பட்டையின் ஒரு முனையில் பெயின்ட் அடித்துவிட்டு, எப்போதும் மறுமுனையிலிருந்து வெட்டுங்கள். வெட்டிய துண்டில், பிடிக்குள் மறையப்போகும் வாலின் கடைசியில், ஆழமில்லாமல் ஓர் எழுத்து அடித்தால் போதும்.

லாரி ஸ்பிரிங் பட்டையில் அடிப்பவர்களுக்கு இந்த வசதி இல்லை. திருப்பாச்சேத்தி அரிவாள் தொட்டு நம்மில் பலருடைய பிழைப்பு அந்தப் பட்டையில்தான். எந்த லாரி, எந்தக் கம்பெனி பட்டை என்று யார் கண்டது? அங்கே பெயருக்குப் பதில் சோதனைதான் பேச வேண்டும். பட்டை வந்ததும் விரல் நீளத் துண்டு ஒன்றை வெட்டி, காய்ச்சித் தோய்த்து, வைஸில் பிடித்து உடைத்து, உடைந்த முகத்தைப் பார்க்கிறோம். எந்தச் சூட்டில் எடுத்தோம், மணி எப்படி இருந்தது என்பதைத் தகரத் துண்டில் கீறி, அந்த ஒரே பட்டையிலிருந்து வெட்டிய துண்டுகளை எல்லாம் அதோடு கம்பியில் கோத்து வைக்க வேண்டும். இரண்டு பட்டைகளின் துண்டுகள் ஒரே குவியலில் விழுந்த அன்றைக்கு அந்தச் சோதனை செத்துப்போகிறது. பெயரும் தெரியாமல் கோவையும் அறுந்த துண்டு கத்தியாகக் கூடாது. கொக்கியாகட்டும், அலமாரிக்கு முட்டாகட்டும்.

அடுத்தது மணல். 60 நம்பர் பெல்ட்டில் இருக்கும் ஒரு மணல் கால் மில்லிமீட்டருக்குச் சற்று மேல். 400 நம்பர் உப்புத்தாளின் மணல் ஏறக்குறைய அதில் எட்டில் ஒரு பங்கு. கிரைண்டர் பக்கமிருந்து ஒரே ஒரு மணல் மெருகு பெஞ்சுக்கு வந்து சேர்ந்தால், காலையிலிருந்து கையால் தேய்த்த பரப்பில் ஒரே இழுப்பில் கோடு விழும். அந்தக் கோட்டை எடுக்க மறுபடி 220-க்கு இறங்க வேண்டும். இந்த நோக்கில் பார்த்தால், பலர் ஆசையாக மாட்டும் காந்தப் பட்டை எனக்குப் பிடிக்காத பொருள். அடுப்படியில் அது அழகு. கிரைண்டர் ஓடும் அறையில் இரண்டே நாளில் அதற்குத் தாடி முளைத்துவிடும். அதில் ஒட்டி எடுத்த கத்தியும் கொஞ்சம் காந்தம் ஏறி, இரும்புத்தூளைத் தன்னோடு மெருகு பெஞ்சுக்குத் தூக்கிக்கொண்டு வரும். காந்தத்துக்குப் பட்டறையில் நல்ல வேலை ஒன்று உண்டு. பிளாஸ்டிக் பையில் போட்டுக் கிரைண்டருக்கு அடியில் தொங்கவிட்டால் தூளைப் பிடிக்கும்; பையைத் திருப்பி உதறினால் போயிற்று.

ஜப்பானின் சகாய் ஊரில் அடிப்பவர், சாணை பிடிப்பவர், பிடி போடுபவர் என்று தனித்தனிப் பட்டறைகள். அதைத் தொழில் நுணுக்கமாக மட்டும் பேசுகிறோம். ஒருவருடைய தூசி இன்னொருவருடைய பெஞ்சுக்குப் போகாததும் அந்த ஏற்பாட்டின் லாபம்தான். நமக்கு மூன்று கட்டடம் வாய்க்காது. மூடி போட்ட டப்பாவாவது வாய்க்கும். உப்புத்தாள் நம்பருக்கொரு மூடிய டப்பாவில், பஃப் சக்கரம் மசாலாவுக்கொரு பையில்.

மரம் தனிக் கதை. இரும்பு அரைத்த பழைய பெல்ட்டில் பிடி தேய்த்தால், துவர்ப்புள்ள மரத்தில் இரும்புத்தூள் ஏறி, ஈரம் பட்டதும் கருநீலமாகக் கறை விழும். மர பெல்ட்டின் முதுகில் பெரிதாக 'ம' போட்டு வேறு ஆணியில் மாட்டுங்கள். ஆணி என்றதும் நினைவுக்கு வருகிறது: பெல்ட்டை ஒற்றை ஆணியில் மாட்டினால் அந்த இடத்தில் மடிப்பு விழும். நாலு அங்குல பிவிசி பைப்பைத் துண்டு போட்டுச் சுவரில் அடித்தால் நல்ல தாங்கி. தூசி உறிஞ்சும் மெஷினிலும் மரம், இரும்பு என்ற இதே பிரிவு வேண்டும், அதுவும் கண்டிப்பாக. மரத்தூள் பைக்குள் போன தீப்பொறி உடனே பற்றாது. மணிக்கணக்கில் கனிந்து, நாம் பூட்டிக்கொண்டு போன பிறகுதான் பற்றும்.

எண்ணெயும் தண்ணீரும் சேரக்கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் பல பட்டறைகளில் தோய்ச்சல் எண்ணெய் வைத்த பாத்திரமும் கிரைண்டருக்குப் பக்கத்தில் குளிரவைக்கும் தண்ணீர் வாளியும் அளவிலும் நிறத்திலும் ஒன்றுபோல இருக்கின்றன. எண்ணெய்க்கு அடியில் தேங்கிய தண்ணீர் சூடான இரும்பு பட்டு ஆவியானால், ஆயிரத்து அறுநூறு மடங்கு போல விரிந்து எண்ணெயைத் தூக்கி எறியும். எண்ணெய் உலைக்கு இரண்டு எட்டில், வழியில் எதுவும் இல்லாமல், கீல் வைத்த இரும்பு மூடியோடு இருக்கட்டும். தீப்பிடித்தால் அணைப்பதும் அந்த மூடிதான். தண்ணீர் வாளி அறையின் மறுகோடியில், வேறு நிறத்தில்.

இவ்வளவையும் பத்துக்குப் பன்னிரண்டு அறைக்குள் எப்படிப் பிரிப்பது என்ற கேள்வி நியாயமானது. இடத்தால் பிரிக்க முடியாததை நேரத்தால் பிரிக்கலாம். அரைக்கிற நாளில் அரைப்பு மட்டும். முடிந்ததும் ஈரத் துணியால் பெஞ்சைத் துடைத்து, கிரைண்டர் பக்கத்துக்கென்று வைத்த துடைப்பத்தால் தரையைக் கூட்டி, தூசி அடங்க ஓர் இரவு விட்டு, மறுநாள் காலையில் மெருகும், பிடி ஒட்டும் அரால்டைட் வேலையும். மெருகு பெஞ்சுக்கு வேறு துடைப்பம். இரண்டும் ஒரே மூலையில் சாய்ந்திருந்தால், ஒன்றின் கைப்பிடியில் சிவப்பு டேப் சுற்றிவிடுங்கள்.